பேத்திக்கு அப்புச்சி போட்ட வட்டிக் கணக்கு

கண்ணு, சித்த இக்கட்டால வந்து குக்கு. உங்கம்மா ஊருக்கு ஃபோன் போட்டுட்டா, இப்போதைக்கு எந்திரிக்க மாட்டா. மாப்பிள்ளை மாடியில மீட்டிங்குல இருக்கறாரு. ரெண்டு பேரும் வர்றதுக்குள்ள நாம பழமை பேசி முடிச்சுக்கோணும்.

நேத்து ராத்திரி நீ சொன்னது ஒரே ஒரு வார்த்தை. "கம்யூனிட்டி காலேஜுல சேர்ந்து எக்ஸ்ரே எடுக்கற படிப்புப் படிக்கலாம்னு இருக்கறேன்." அவ்வளவுதான். உங்கம்மா கரண்டியைக் கீழ வெச்சுட்டா. மாப்பிள்ளை தண்ணி குடிச்சாரு, குடிச்சாரு, குடிச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் ரெண்டு பேரும் திரும்பி என்னையப் பாத்தாங்க, நாந்தான் உனக்குச் சொல்லிக் குடுத்துட்டேங்கற மாதிரி. நான் பொட்டாட்ட ரசத்தைக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன். எண்பது வயசுல காது கேக்காதுங்கறது ஒரு வசதி. வேண்டியப்ப எடுத்துக்கலாம்.

ஆனா நல்லாவே கேட்டுது. உங்கம்மாவுக்கு வெசனம் எதுக்குன்னு நெனைக்கற? நீ கஷ்டப்படுவியேன்னா? அதெல்லாம் ஒண்ணுமில்லை. அரோரா பாலாஜி கோயிலுக்குப் போறப்ப, பிரசாத வரிசையில யாராச்சும் "பொண்ணு என்ன பண்றா?"ன்னு கேட்டா என்ன பதில் சொல்றதுங்கறதுதான் வெசனம். "ப்ரீ-மெட், டாக்டராகப் போறா"ன்னு சொல்லிப் பாரு, கேக்கறவிய மொகம் மலர்ந்துரும், புளியோதரை கூட ஒரு கரண்டி சேத்தி விழும். "கம்யூனிட்டி காலேஜு"ன்னு சொல்லு. "ஓ... அதுவும் நல்லதுதான்"னு இழுத்துட்டு, கேக்காமயே அவிய பையன் மார்க்கைச் சொல்ல ஆரம்பிச்சுருவாங்க. அந்த ஒரு "அதுவும் நல்லதுதான்"க்குப் பயந்துக்கிட்டு நம்ம சனங்க இந்த அமெரிக்காவுல கட்டற ஃபீஸு இருக்குதே, அதை ஒண்ணா சேத்தினா பவானி ஆத்துல இன்னொரு அணையே கட்டிப்போடலாம்.

டாக்டருக்குப் படிக்கறது தப்புன்னு நான் சொல்லலை. எனக்கே வாரம் ஒரு டாக்டர் வேண்டியிருக்குது. ஆனா கணக்கைச் சொல்லோணுமில்ல? இங்க கடன் வாங்கி டாக்டருக்குப் படிச்சவங்க வெளிய வர்றப்ப நடுவாந்தரமா ரெண்டு லட்சம் டாலர் கடனோட வர்றாங்க. காலேஜு நாலு வருசம், மெடிக்கல் நாலு வருசம், அதுக்கப்புறம் ரெசிடென்சி மூணுல இருந்து ஏழு வருசம். அது கெடைச்சவங்க கதை. மெடிக்கல் காலேஜுக்கு மனுப் போடறவங்கள்ல அந்த வருசம் பாதிக்கு மேல எடம் கெடைக்காமத்தான் நிக்கறாங்க. கடைசி வரைக்கும் கெடைக்காதவங்க கையில மிஞ்சறது பயாலஜி டிகிரி. அதை மட்டும் வெச்சுக்கிட்டு வேலைக்குப் போனா, ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் நீ சொல்ற எக்ஸ்ரே வேலைக்குக் கீழதான். இந்த நாயத்தைப் பிரசாத வரிசையில யாரும் பேச மாட்டாங்க.

கம்யூனிட்டி காலேஜுன்னா படிப்பு வராதவங்களைத் தாட்டி விடற எடம்னு மாப்பிள்ளைக்கு ஒரு நெனைப்பு. இந்த நாட்டுல இன்னைக்கு வரைக்கும் நடந்துட்டிருக்கற அரசுக் கம்யூனிட்டி காலேஜுகள்ல மூத்தது எது தெரியுமா? இந்தா, நம்ம பக்கத்துல இருக்கற ஜோலியட் ஊருல 1901-ல ஆரம்பிச்சது. ஆறே ஆறு புள்ளைகளோட. சிகாகோ யுனிவர்சிட்டித் தலைவரு வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும், ஜோலியட் ஹைஸ்கூலை நடத்தின ஸ்டான்லி பிரவுனும் சேர்ந்து போட்ட ரோசனை அது. ஊரை விட்டுப் போக வழியில்லாத புள்ளைக உள்ளூர்லயே காலேஜுப் பாடம் படிக்கட்டும்னு. உங்கப்பாவைக் கேளு, அவர் எங்க படிச்சாருன்னு. பாலிடெக்னிக்குல டிப்ளமோ முடிச்சுட்டு, நேரா இஞ்சினியரிங் ரெண்டாம் வருசத்துல போய்ச் சேந்தாரு. அன்னைக்கு அது குறுக்குவழியில்லை, கெட்டிக்காரத்தனம். இன்னைக்கு அவரு பொண்ணு அதையே பண்றேன்னா குடும்ப மானம் போகுதாம்.

சரி, ஃபீஸுக்கு வருவோம். 2024-25 கணக்குப்படி, நாடு முச்சூடும் சராசரி எடுத்தா கம்யூனிட்டி காலேஜு ஃபீஸு வருசத்துக்கு 4,000 டாலர் சுமாரு. அதே மாநிலத்துக்காரனுக்கு ஸ்டேட் யுனிவர்சிட்டி 11,600 சொச்சம். தனியாருன்னா 43,000-க்கு மேல. இதெல்லாம் ஃபீஸு மாத்திரம். ரூமு, சோறு, பெட்ரோலு தனி. உனக்கு உங்கம்மா சோறு போடறா, வாடகை கேக்கறதில்லை. அந்த ஸ்காலர்ஷிப்பை எந்த ஃபாரத்துலயும் எழுதச் சொல்ல மாட்டாங்க. ஆனா கம்யூனிட்டி காலேஜுல கடன் வாங்கறவங்கள்ல நெறையப் பேரை அதுல தள்றது ஃபீஸு இல்லை கண்ணு, சோறும் வாடகையும்தான். அதனால நாளைக்கு உங்கம்மா திட்டறப்ப மொகத்தைத் தூக்கி வெச்சுக்காத. வருசத்துக்கு எவ்வளவு மிச்சம்னு மனசுக்குள்ள ஒரு பெருக்கல் போட்டுக்க.

அப்புச்சி சொசைட்டியில செயலாளரா இருந்தவன். மஞ்சளுக்கும் கரும்புக்கும் கடன் குடுத்தவன், குடுத்த கையாலயே நோட்டீசும் அனுப்பினவன். கடன் வாங்க வர்றவன் மொகத்தைப் பாத்தா கட்டுவானா மாட்டானான்னு பாதி சொல்லிருவேன். மீதிப் பாதியை டீக்கடையில விசாரிச்சுக்குவேன். எனக்குக் கடன்னா பயம் கெடையாது. கணக்குப் போடாத கடன்னாத்தான் பயம்.

நோட்டை எடு. ரேடியோகிராபி ரெண்டு வருசம். அதுக்கு முந்தி அனாட்டமி, ஃபிசியாலஜி, கணக்குன்னு முன்பாடம் ஒரு வருசம். மூணு வருசத்துக்கு ஃபீஸு 12,000. புஸ்தகம், யூனிஃபார்ம், தடுப்பூசி, போலீசு விசாரணைக் கட்டணம், கடைசிப் பரீட்சைக் கட்டணம்னு இன்னும் கொஞ்சம். மாப்பிள்ளை ரோசத்துல ஒரு பகுதி மட்டும் குடுக்கறாருன்னு வெய்யி. நீ 10,000 டாலர் கடன் வாங்கற. 2024-25-ல அரசாங்கக் கடனுக்கு வட்டி நூத்துக்கு 6.53. பத்து வருசத் தவணை. படிக்கறப்ப ஏறற வட்டியை அப்பப்பவே கட்டிட்டீன்னா, அப்புறம் மாசம் 114 டாலர் வரும். அந்தப் பத்து வருசத்துல மொத்தமாக் கட்டறது 13,650 கிட்ட. 2023 அரசாங்கக் கணக்குல எக்ஸ்ரே எடுக்கறவங்க நடுச் சம்பளம் வருசத்துக்கு 73,410 டாலர். நீ புதுசு, உனக்கு அவ்வளவு தர மாட்டாங்க. 55,000-ன்னே வெச்சுக்க. மாசம் 4,580. அதுல 114-ங்கறது நூத்துக்கு ரெண்டரை. தொழிற்படிப்புகளைச் சோதிக்கறதுக்கு இந்த அரசாங்கமே 2023-ல எழுதின விதி ஒண்ணு: சம்பளத்துல நூத்துக்கு எட்டுக்குள்ள கடனுக்குப் போனா அந்தப் படிப்பு தேறிருச்சுன்னு அர்த்தம். நீ ரெண்டரையில நிக்கற. சொசைட்டியில இப்படி ஒருத்தன் மனுவோட வந்திருந்தா, நாற்காலி போட்டு உக்கார வெச்சு டீ வாங்கிக் குடுத்திருப்பேன்.

இன்னொண்ணு. மொத வருசம் 5,500-க்கு மேல, ரெண்டாம் வருசம் 6,500-க்கு மேல அரசாங்கம் உனக்குக் கடன் தராது. அது உனக்கு நல்லது. அதுக்கு மேல தர்றேன்னு சிரிச்சுக்கிட்டு வர்றவன் தனியார் பேங்குக்காரன். அவங்கிட்டப் போறதுக்கு முந்தி எங்கிட்ட வா. அரசாங்கக் கடன்லயும் ரெண்டு தினுசு. நீ படிச்சு முடிக்கற வரைக்கும் வட்டியை அரசாங்கமே ஏத்துக்கறது ஒண்ணு, பணம் கைக்கு வந்த நாள்ல இருந்து உன்ற தலையில ஏறறது ஒண்ணு. மாப்பிள்ளை சம்பளத்துக்கு உனக்கு ரெண்டாவதுதான். பெல் கிராண்ட்னு திருப்பிக் கட்ட வேண்டாத பணம் வருசத்துக்கு 7,395 வரைக்கும் உண்டு, அதுவும் உனக்கு இல்லை. இல்லாத ஊட்டுப் புள்ளைக்கு அது கம்யூனிட்டி காலேஜு ஃபீஸைக் கட்டி மிச்சமும் வரும். வசதியான அப்பனுக்குப் பொறந்த கஷ்டம் உனக்கு, என்ன பண்றது.

காலேஜ் ஸ்கோர்கார்டுன்னு ஐபேட்ல காட்டினியே, அதை நானும் எழுத்தைப் பெருசாக்கிப் படிச்சுப் பாத்தேன். இந்தக் காலேஜுல இந்தப் படிப்பு முடிச்சவங்க சம்பளம் இவ்வளவு, கடன் இவ்வளவுன்னு கல்வித் துறை நடத்தற சமாச்சாரம். நீ அந்த நம்பரைப் பாத்துட்டுத் துள்ளற. துள்ளு, வேண்டாங்கலை. ஆனா நான் அந்தியூர்ச் சந்தையில மாடு புடிச்சவன். தரகன் "நேரத்துக்கு எட்டு லிட்டரு கறக்குமுங்க"ன்னு சொல்றப்ப அவன் பொய் சொல்றதில்லை. நெசமாவே கறந்திருக்கும். கன்னு போட்ட புதுசுல, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வெச்ச ஒரு நாளு. நாம கேக்கோண்டியது எப்பக் கறந்துது, யாரு கறந்தா, எத்தனை மாட்டுல எந்த மாடு கறந்துதுங்கறது.

அந்த ஸ்கோர்கார்டு நம்பரும் அப்படித்தான். சம்பளம்னு போட்டிருக்கறது படிச்சு முடிச்சவங்களோடது. அதுலயும் அரசாங்க உதவி வாங்கினவங்க, வேலையில இருக்கறவங்க மாத்திரம். பாதியில நின்னவன் அந்தக் கணக்குல கெடையாது. கடன்னு போட்டிருக்கறது கடன் வாங்கினவங்களுக்குள்ள நடுவுல நிக்கறவன் கடன். ஒரு பைசா வாங்காம முடிச்சவன் அதுல கெடையாது. அப்ப என்ன ஆகுது? முடிச்சவனுக்குக் கடன் அதுல காட்டறதை விடக் கம்மியாக்கூட இருக்கும். முடிக்காதவனுக்கு அந்தச் சம்பளமே இல்லை. நீ இதுல எந்தப் பக்கம் நிப்பேன்னு அந்த நம்பர் சொல்லாது, நீதான் சொல்லோணும்.

எக்ஸ்ரேன்னதும் ஞாபகம் வருது. குளுருக்கு எனக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிட்டுதே, அன்னைக்கு ஆஸ்பத்திரியில எனக்குப் படம் எடுத்துதே ஒரு புள்ள, உன்னைய விட ஏழெட்டு வயசு மூத்ததா இருக்கும். என்னையப் பலகையை ஒட்டி நிக்க வெச்சு, மொகவாயைத் தூக்கி வெச்சு, ரெண்டு தோளையும் முன்னால உருட்டி விட்டு, மூச்சை இழுத்துப் புடிக்கச் சொல்லுச்சு. அதுக்கு முந்தி ஓரத்துல ஒரு சின்ன ஈய எழுத்தை ஒட்டுச்சு. படத்துல வலது எது இடது எதுன்னு தெரியறதுக்காம். அந்த எழுத்தோட அந்தப் புள்ள இனிசியலும் இருந்துது. படம் கோணலாப் போனா எடுத்தது யாருன்னு உடனே தெரிஞ்சு போகும். நம்ம ஊர்ல ரோடு போடற காண்ட்ராக்டருக்கு எல்லாம் இப்படி ஒரு எழுத்துக் குடுத்துப் பதிக்கச் சொன்னா எப்படி இருக்கும்!

படம் எடுத்து முடிச்சதும் உங்கம்மாகிட்ட, "அந்தப் புள்ளைக்குச் சம்பளம் எவ்வளவுன்னு கேளு"ன்னேன். உங்கம்மா மூஞ்சி செவந்து போச்சு. இந்த ஊர்ல சம்பளம் கேக்கறது தப்பாம். வயசு கேட்டாத் தப்பு, சம்பளம் கேட்டாத் தப்பு, கல்யாணம் ஆச்சான்னு கேட்டாத் தப்பு. அப்புறம் மனுசனுக்கு மனுசன் என்னத்தைத்தான் பேசறது? நானே "யுவர் சேலரி?"ன்னுட்டேன். அது சிரிச்சுட்டு, மணிக்கு முப்பத்திச் சொச்சம் டாலர்னு சொல்லுச்சு. கம்யூனிட்டி காலேஜுலதான் படிச்சுதாம். காலேஜுக் கடன் முடிஞ்சுதான்னேன். அது எப்பவோ முடிஞ்சுது, காருக்கு வாங்கினதுதான் பாக்கின்னுச்சு. பாத்துக்க, அதைக் கடன்காரியாக்கினது படிப்பு இல்லை.

ஆனா "ஹெல்த்"னு போர்டு வெச்சிருக்கற எல்லாப் படிப்பும் ஒண்ணுன்னு நெனைச்சுப்போடாத. அதே காலேஜு, அதே கட்டடம், ஒரே வராண்டா. ஒரு ரூமுல பல்லு சுத்தம் பண்ற டென்டல் ஹைஜீன் நடக்கும், வெளிய வந்தா 2023 கணக்குல நடுச் சம்பளம் 87,000-க்கு மேல. பக்கத்து ரூமுல மெடிக்கல் அசிஸ்டெண்ட், 42,000. ரத்தம் எடுக்கற ஃப்ளெபாட்டமியும் அதே அளவுதான். ஸ்கேன் பண்ற சோனோகிராபி 84,000, மூச்சு வேலை பாக்கற ரெஸ்பிரேட்டரி தெரபி 78,000, பிசியோதெரபி அசிஸ்டெண்ட் 64,000. ஒரே வராண்டாவுல பாதிக்குப் பாதி வித்தியாசம். எதனாலன்னு கேட்டீன்னா, லைசன்சோ பதிவுச் சான்றோ இல்லாம ஆஸ்பத்திரியில கால் வெக்க முடியாதுங்கற வேலைக்குத்தான் கூலி. எக்ஸ்ரேக்கு ஏஆர்ஆர்டின்னு ஒரு சான்று இருக்குதில்ல, 2015-ல இருந்து அந்தப் பரீட்சை எழுதறதுக்கே குறைஞ்சது ரெண்டு வருச டிகிரி இருக்கோணும். மெடிக்கல் அசிஸ்டெண்டுக்குப் பெரும்பாலான மாநிலத்துல லைசன்சே கேக்கறதில்லை. சீக்கிரம் உள்ள போயிரலாம். சம்பளமும் அங்கயே நின்னுரும்.

87,000-ன்னதும் உன்ற கண்ணு பல்லு பக்கம் போகுது. அதுல நெறையப் பேரு வாரத்துல சில நாளுதான் வேலை பாக்கறாங்க, நெறைய எடத்துல இன்சூரன்சு கெடையாது. நாள் முச்சூடும் குனிஞ்சு கழுத்தும் மணிக்கட்டும் தேஞ்சு போகும். ஸ்கேன் எடுக்கறவங்களுக்குத் தோள்பட்டை. எக்ஸ்ரேக்கு நோயாளியைப் புரட்டிப் புரட்டி இடுப்பு. மூச்சு வேலைன்னா தொண்டையில குழாய் விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்கோணும், நடுராத்திரியில. கொரோனா காலத்துல வென்டிலேட்டர் பக்கத்துல நின்னவங்க அவியதான். கரப்பான் பூச்சிக்கே கட்டில் மேல ஏறி நிக்கற நீ அதையும் ரோசிச்சுக்கோணும். உங்கப்பா சொல்றதுலயும் ஒரு நாயம் இருக்குது, மறைக்க மாட்டேன். இந்தச் சம்பளம் ஆரம்பத்துல நல்லாருக்கும், அப்புறம் மெல்லத்தான் ஏறும். சிடி, எம்ஆர்ஐன்னு கூடச் சான்று வாங்கினா ஒரு படி ஏறலாம். அதுக்கு மேல மேனேஜர் நாற்காலின்னா நாலு வருச டிகிரி கேப்பாங்க.

இனி கெட்ட சேதி. இதைத்தான் உன்ற தோழிக யாரும் சொல்ல மாட்டாங்க. கம்யூனிட்டி காலேஜுல எடம் கெடைக்கறது சுலுவு, யாரு வேணா போகலாம். ரேடியோகிராபியில எடம் கெடைக்கறது அப்படி இல்லை. வருசத்துக்கு இருபது முப்பது பேரைத்தான் எடுப்பாங்க. காலேஜுக்கு மனசில்லாம இல்லை. அந்தப் புள்ளைகளை நிக்க வெச்சுப் பழக்கறதுக்கு ஆஸ்பத்திரியில எடமில்லை. அதனால மொதல்ல முன்பாடம், அதுல வாங்கற மார்க்கை வெச்சு வரிசை. அனாட்டமியில ஒரு 'சி' வாங்கினா வரிசையில பின்னால போயிருவ. சில எடத்துல ஒரு வருசம், ரெண்டு வருசம் காத்திருக்கறவங்க உண்டு. காத்திருக்கறப்ப சும்மா இருக்க முடியுமா? வேற ரெண்டு பாடம் எடுப்ப, அதுக்கு ஒரு கடன். காத்திருக்க முடியாம வேற படிப்புக்குத் தாவுவ, அதுக்கு ஒரு கடன். உள்ள போனதுக்கப்புறமும் வாரத்துல பாதி நாளு ஆஸ்பத்திரியில பழகோணும், சம்பளமில்லாம, காலையில ஏழு மணிக்கு. பகல்ல வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கறவங்க இங்கதான் ஒடிஞ்சு போறாங்க.

இந்த நாட்டுல அரசுக் கம்யூனிட்டி காலேஜுல முழு நேரமாச் சேர்றவங்கள்ல மூணு வருசத்துல அங்கயே முடிக்கறது சுமாரு மூணுல ஒருத்தரு. இன்னும் கொஞ்சம் பேரு வேற காலேஜுக்கு மாறிப் போறாங்க. மத்தவங்க? கடன் கட்டாம விட்டவங்க கணக்கைத் துருவிப் பாத்தவங்க ஒண்ணு கண்டாங்க: லட்சம் டாலர் கடன் வாங்கின வக்கீலும் டாக்டரும் கட்டிடறாங்க. முழுகிப் போறவங்கள்ல நெறையப் பேரு 5,000, 10,000 வாங்கிட்டுப் படிப்பைப் பாதியில விட்டவங்க. கடன் கம்மி, ஆனா கட்டறதுக்குச் சம்பளம் வரலை. அந்தக் கடன் இங்க திவாலானாக்கூட லேசுல போகாது, திரும்பி வர்ற வரிப் பணத்துலயே அரசாங்கம் புடிச்சுக்கலாம். அதனால நீ 10,000-த்தைப் பாத்துப் பயப்படாத. அனாட்டமி புஸ்தகத்தைப் பாத்துப் பயப்படு. போன வருசம் பியானோ, அதுக்கு முந்தி கராத்தே, நடுவுல நாலு மாசம் ஸ்பானிஷு. எல்லாத்தையும் நல்லாத்தான் ஆரம்பிச்ச கண்ணு. அப்புச்சி ஒண்ணும் சொல்லலை, வரிசையாச் சொல்லிக் காட்டினேன், அவ்வளவுதான்.

தப்பித் தவறி, மத்தியானம் டிவியில விளம்பரம் வருதே, "ஒம்பதே மாசத்துல ஹெல்த் கேர் வேலை"ன்னு, அந்தப் பக்கம் போயிராத. லாபத்துக்கு நடத்தற கடை அது. கொரிந்தியன்னு ஒரு கம்பெனி எவரெஸ்ட்டுங்கற பேருல ஊர் ஊருக்குக் காலேஜு வெச்சு, மெடிக்கல் அசிஸ்டெண்ட் மாதிரி படிப்புக்குக் கம்யூனிட்டி காலேஜை விடப் பல மடங்கு வாங்குச்சு. 2015-ல ஒரே நாள்ல மிச்சமிருந்த எல்லாத்தையும் இழுத்து மூடிருச்சு. அதுல படிச்ச 5,60,000 பேரோட 580 கோடி டாலர் கடனை 2022-ல அரசாங்கம் ரத்துப் பண்ண வேண்டியதாப் போச்சு. ரத்தாச்சு, சரி. போன வருசங்களை யாரு குடுப்பா?

ரத்துன்னு சொன்னதும் நீ ஆசையாப் பாக்கற. நம்ம ஊர்ல 2021 தேர்தல் வர்றப்ப சொசைட்டிப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடின்னு அறிவிச்சாங்க. ஒழுங்காக் கட்டினவன் என்னைய வந்து திட்டிட்டுப் போனான், நான் ரிட்டயர் ஆகி எத்தனையோ வருசத்துக்கு அப்புறம். இங்கயும் பெல் வாங்காதவங்களுக்கு 10,000 டாலர் வரைக்கும் தள்ளுபடின்னு பைடன் சொன்னாரு. 2023 ஜூன் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஆகாதுன்னு சொல்லிப்போட்டுது. அரசாங்க ஆஸ்பத்திரி, லாப நோக்கமில்லாத ஆஸ்பத்திரியில வேலை பாத்துக்கிட்டு 120 தவணை கட்டினா மிச்சம் தள்ளுபடிங்கற திட்டம் ஒண்ணு 2007-ல இருந்து இருக்குது. நெறைய ஆஸ்பத்திரி அதுக்குள்ள வரும். ஆனா நீ பத்து வருசத் தவணை கட்டறவ. 120 தவணையில உன்ற கடனே முடிஞ்சு போயிரும், அப்புறம் தள்ளுபடி பண்ண என்ன இருக்குது? சின்னக் கடன்காரனுக்கு இந்தச் சலுகை எட்டாது. உனக்கு உபயோகப்படறது வேற: வேலைக்குச் சேர்ந்தப்புறம் மேற்கொண்டு படிக்க ஆஸ்பத்திரியே வருசத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் குடுத்தா அதுக்கு வரி கெடையாது. சேர்றப்பவே அதைக் கேட்டு வாங்கு.

நீயாச்சும் கடன் வாங்கலாம், எதிர்த்த ஊட்டுப் பையன் நெலமையை நெனைச்சாத்தான் மனசு ஆறலை. உன்னையாட்டவே இங்க வளந்தவன். அவிய ஊட்டுல க்ரீன் கார்டு இன்னும் வரலை, நம்ம நாட்டுக்காரங்க வரிசை அப்படி நீளம். அப்பா அம்மாவை ஒட்டி வர்ற ஹெச்-4 விசாவுல இருக்கற புள்ளைக்கு அரசாங்கக் கடனும் கெடையாது, பெல்லும் கெடையாது. ரெண்டு வருசம் படிச்சுப் பாஸ் பண்ணினாலும் வேலை பாக்க அனுமதி வேணும். 21 வயசானா அப்பா அம்மா விசாவுல இருந்தும் கழண்டுக்கோணும். அவனுக்கு ரெண்டு வருசப் படிப்பு லாபமா நட்டமாங்கறது டாலர்ல போடற கணக்கு இல்லை. நீ க்ரீன் கார்டை அலமாரியில வெச்சுக்கிட்டு "எனக்கு ஒண்ணுமே சரியா அமையலை"ன்னு போன வாரம் சொன்ன பாரு, அப்பவும் அப்புச்சிக்குக் காது கேட்டுது.

சனிக்கெழமை காலேஜுல எக்ஸ்ரே படிப்புக்கு விளக்கக் கூட்டம் இருக்குதுன்னு சொன்னீல்ல. போ. கட்டடம் பளபளன்னு இருக்குதான்னு பாக்காத. மூணு நம்பர் கேளு. போன அஞ்சு வருசத்துல பரீட்சை எழுதினவங்கள்ல மொத தடவையே தேறினவங்க எத்தனை பேரு? உள்ள சேர்ந்தவங்கள்ல முடிச்சவங்க எத்தனை? முடிச்சவங்கள்ல வேலை கெடைச்சவங்க எத்தனை? ரேடியோகிராபிக்கு அங்கீகாரம் குடுக்கற ஜேஆர்சிஇஆர்டி இந்த மூணையும் எல்லாரும் பாக்கற மாதிரி போட்டாகோணும்னு சொல்லியிருக்குது. இழுத்தாங்கன்னா எந்திரிச்சு வந்துரு. நாலாவதா, வரிசையில இப்ப எத்தனை பேரு நிக்கறாங்கன்னு கேளு, அதைச் சிரிச்சுக்கிட்டே கேளு.

உங்கப்பாவைக் கூட்டிட்டுப் போ, கார் ஓட்டறதுக்கு. பேசறதுக்கு உங்கம்மா போதும். இந்தியன் ஸ்டோருல முருங்கைக்காய்க்கே பேரம் பேசறவ. கடன் ஃபாரம் வந்தா, கையெழுத்துப் போடறதுக்கு முந்தி எனக்கு ஒரு காப்பி எடுத்து வெய்யி. வட்டி எழுதியிருக்கற பக்கத்தைப் பெரிய எழுத்துல எடு.